சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மைக்ரான்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, அக்காவிடமிருந்து திருடியது. இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் அவளே உங்களிடம் சொல்லிவிடுவாள்.

அக்கா ஒரு தொழிற்சாலையில் அளவு பார்ப்பவள். லேத்தில் கடைந்து வரும் எஃகு பின்களை ஒவ்வொன்றாக மைக்ரோமீட்டரில் பிடித்து, திருகி, எண்ணைப் பார்த்து, நல்லதை ஒரு தட்டிலும் ஆகாததை இன்னொரு தட்டிலும் போடுவாள். பதினோரு வருடமாக இதே வேலை. அவளுடைய வலது கட்டைவிரல் இப்போது டப்பா மூடியைத் திறக்கக்கூட மறுக்கிறது. மேனேஜரை நச்சரித்து, தானாக அளக்கும் மெஷின் ஒன்றைச் சோதனைக்கு வரவழைத்தாள். அதன் கை பின்னை எடுத்து வைக்கும், இரண்டு முனைகள் தொட்டுப் பார்க்கும், பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ எரியும். இன்று வெள்ளிக்கிழமை, கடைசி நாள். மெஷின் தேறினால் அக்காதான் அதற்குப் பொறுப்பாளர். தேறாவிட்டால் அது வந்த பெட்டியிலேயே திரும்பிப் போகும், அக்கா பழையபடி ஸ்டூலில் உட்காருவாள்.

2

எப்படித் தொடங்குவது?

"காலையில் ஆலைச் சங்கு ஊதியபோது—" (அங்கே சங்கே கிடையாதாம்.)

"எண்கள் பொய் சொல்வதில்லை என்று நம்பிய ஒரு பெண்—" (படித்துக் காட்டினேன். அக்கா கொட்டாவி விட்டாள்.)

"மெஷின் காலையில் சமர்த்து, மதியம் அடம்." இது இருக்கட்டும். மூன்று வாரமாக நடந்தது இதுதான். காலையில் எல்லாம் பச்சை. சாப்பிட்டுவிட்டு வந்து ஓட்டினால், நல்ல பின்னைக்கூட மூன்று மைக்ரான்* குறைவு என்று சொல்லிச் சிவப்பு காட்டும். உண்ட மயக்கம் மெஷினுக்கும் உண்டு என்று ஆலை முழுக்கக் கேலி. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

(* ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக நறுக்கினால் ஒரு துண்டு. "தலைமுடி அளவா?" என்று கேட்டேன். "முடி எழுபது வரும்டி. எங்க கணக்குல அது உத்திரம்.")

3

வில்லன் வேண்டுமே. லேத் ஓட்டுபவர் வாகாக அகப்பட்டார். ஆலையில் அவருக்குப் பட்டப்பெயர் 'அரை மைக்ரான்'. காலண்டர் சாய்ந்திருந்தால் நிமிர்த்திவிட்டுத்தான் நகர்வார். மெஷின் வந்த நாள் முதல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் எழுதினேன்: "இரும்பிடம் மனிதன் தோற்பதா என்று பல்லைக் கடித்தார்."

"அண்ணன் எப்படி பல்லைக் கடிச்சார்?" என்றாள் அக்கா.

"பின்ன என்ன சொன்னார்?"

"'மெஷின் நல்லதுதாம்மா. ஆனா அது தப்பா அளந்தா யாரைத் திட்டுறது? நீன்னா திட்டலாம்'னார்."

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு என்ன வில்லத்தனம் பண்ணுவது? ஆனாலும் விடவில்லை. மதியம் யாரும் இல்லாத நேரத்தில் அவர் மெஷினில் கைவைப்பதாக நான்கு பக்கம் எழுதிவிட்டேன்.

4

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த நான்கு பக்கத்தைக் கிழித்தது நேற்று.

மெஷின் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், சரியான அளவுள்ள ஓர் எஃகுத் துண்டை முதலில் அளந்து தன்னைத் திருத்திக்கொள்ளும். மாஸ்டர் என்பார்கள். போன வருடம் மைக்ரோமீட்டரைச் சரிபார்க்க வைத்திருந்த அப்படி ஒன்று உருண்டு காணாமல் போய், இரண்டு நாள் வேலை நின்றது. அதிலிருந்து மதிய இடைவேளையில் மாஸ்டரைப் பத்திரமாக எடுத்துப் போவது அரை மைக்ரானின் வழக்கம். யாரும் சொல்லவில்லை, அவராகவே செய்தார். திரும்பி வந்ததும் அக்காவிடம் கொடுப்பார், அவள் கையுறையோடு வாங்கி மெஷினில் வைப்பாள்.

நேற்று கையுறை இல்லை. (கண்ணைத் துடைக்கக் கழற்றியிருந்தாள். "அதை எழுதாதே" என்றாள். எழுதிவிட்டேன்.) உள்ளங்கையில் விழுந்த மாஸ்டர் காய்ச்சல்காரனின் நெற்றிபோல இருந்தது.

"அண்ணே, இதை எங்க வச்சிருந்தீங்க?"

"சட்டைப்பையில. நெஞ்சோட ஒட்டி வச்சா எங்கயும் விழாதுல்ல?"

எஃகு சூடானால் பெருக்கும். பெருத்த மாஸ்டரைச் சரியான அளவென்று மெஷின் நம்பியது. அதன் பிறகு வந்த நல்ல பின்களெல்லாம் அதற்கு ஒல்லியாகத் தெரிந்தன.

5

இந்த இடத்தில் எனக்கு இரண்டு முடிவுகள் தோன்றின.

(அ) அக்கா மேனேஜரிடம் போகிறாள். மெஷின் தப்பிக்கிறது. அரை மைக்ரான் தலைகுனிந்து—

(ஆ) அக்கா யாரிடமும் சொல்லாமல் மாஸ்டரை ஒளித்து வைக்கிறாள். அவர் பதறித் தேடி—

இரண்டும் வேண்டாம். இரண்டிலும் அந்த மனிதர் புண்படுகிறார். எனக்கே அவரைப் பிடித்துப்போய்விட்டது.

அக்கா இன்று காலை நேராக அவரிடமே சொன்னாள். அவர் சட்டைப்பையைத் தட்டிச் சிரித்தாராம்.

"அப்போ மூணு வாரமா இது என் உடம்புச் சூட்டையா அளந்துச்சு? சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்கார மெஷின்!"

"மேனேஜர்கிட்ட எப்படிண்ணே சொல்றது?"

"நீ பேசாம இரு. நான் காட்டுறேன்."

6

இப்போது மணி மூன்று. அக்கா போனை மேசைமேல் திறந்தே வைத்திருக்கிறாள், எனக்கு எல்லாம் கேட்கிறது.

மாஸ்டர் காலையிலிருந்து மேசையில் ஆறியிருந்தது. மெஷின் அதை அளந்து, பிசகே இல்லை என்று பூஜ்யம் காட்டியது. அரை மைக்ரான் எல்லார் முன்னாலும் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பத்து நிமிஷம் பொறுங்க சார். மூணு மைக்ரான் அதிகமாக் காட்டலைன்னா நீங்களே இதைப் பெட்டியில ஏத்துங்க."

"காட்டுச்சுன்னா?" இது மேனேஜர்.

"கையெழுத்துப் போடுங்க. இந்தப் பிள்ளையோட விரலாவது பிழைக்கட்டும்."

யாரோ சிரிக்கிறார்கள். அக்காவும் சிரிக்கிறாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் சிரிப்பைக் கேட்கிறேன், எனக்குச் சந்தோஷத்தில் எழுத்து கோணுகிறது.

இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது. நான் இத்தோடு பேனாவை மூடுகிறேன், என் அக்கா விஷயத்தில் என்னால் நடுநிலையாக இருக்க முடியாது. முடிவை உங்கள் உள்ளங்கையில் வைக்கிறேன். ரொம்ப நேரம் இறுகப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், மூன்று மைக்ரான் பெருத்துவிடும்.