கனடா ரீவிக்கு இரத்தினம்மா கொடுத்த பேட்டி

கனடாத் தொலைக்காட்சி வீட்டுக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் இரத்தினம்மா முதலில் செய்த காரியம், கொழும்பு வெள்ளவத்தைச் சந்திக் கடையில் நாற்பது பற்றிஸுக்குச் சொல்லி வைத்ததுதான். வரப்போகிறவர்கள் மூன்றே பேர். ஆனால் ஓர் அரசாங்கம் வீட்டுக்கு வரும்போது ஆளை எண்ணியா பலகாரம் வைப்பது?

ரூபவாஹினி ரீவி இலங்கை அரசாங்கத்தின் வாய். ஆகவே கனடா ரீவி கனடா அரசாங்கத்தின் வாய். இது அவளுடைய தெளிவான முடிவு. அந்த அரசாங்கத்தின் கையில்தான் அவளுடைய ஒரே மகன் குகதாசனின் தலைவிதி கிடந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு இதே தெருவில் நடந்த பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடிபட்டு, பன்னிரண்டு நாள் அடிபட்டு, தலைகீழாகத் தொங்கவிடப்பட்டு, ஒருவாறு வெளியே வந்து ரொறொன்ரோ போய்ச் சேர்ந்திருந்தான். இன்னும் இரண்டு மாதத்தில் அவனுடைய அகதி விசாரணை. தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கே வந்து இறங்கினால் என்ன நடக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

வந்த செய்தியாளர் ஐறீன் அம்மையார். கனடாவில் எத்தனை அங்குலம் பனி விழுந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பெய்ரூட்டில் குண்டு விழுந்தபோது கமராவுக்கு முன்னால் குனியாமல் நின்று பெயர் எடுத்தார். கமராவைப் பிடித்தவனும் குனியவில்லை. அவன் பெயர் யாருக்கும் தெரியாது. அன்றுமுதல் எந்த நாட்டில் வீடு எரிந்தாலும் அம்மையார் அங்கே நின்றார். இப்போது டெல்லியில் வாசம். வருடத்தில் மூன்று தடவை கொழும்புக்கு வந்து, யாராவது அழுவதைப் படம் பிடித்துக்கொண்டு போவார். அழுகிறவர்களைத் தேடிக் கொடுப்பது மாளிகாவத்தை மக்கீனின் பொறுப்பு. வான் வண்டியும் அவனுடையது, மொழிபெயர்ப்பும் அவனுடையது.

இரத்தினம்மா காஞ்சிபுரத்தைக் கட்டிக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று மாதம் தவறாமல் வந்து பார்க்கும் பொலிஸ் சார்ஜன்ட் சிறிலும், மணம் பிடித்தவனைப்போல் வந்து வாசல் கேற்றடியில் நின்று பற்றிஸ் தின்றுகொண்டிருந்தான்.

"இந்தத் தெருவில் இருக்கப் பயமாக இல்லையா?" என்று அம்மையார் கேட்டார்.

"என்ன பயம்? பொலிஸ் தம்பிமார் எங்கட பிள்ளையள் மாதிரி. வந்தாலும் கதவைத் தட்டிப்போட்டுத்தான் வருவினம். ஒரு குறையும் இல்லை."

அம்மையாரின் முகம் தொங்கிவிட்டது. கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போட்டார். மூன்றாம் முறை மக்கீனே பொறுக்கமுடியாமல் குனிந்தான். "உள்ளதைச் சொல்லுங்கம்மா. இது இங்க காட்டுற இல்ல. கனடாவுல மட்டுந்தான்."

"அதுக்குத்தானே தம்பி இவ்வளவு வடிவாச் சொல்லுறன்!"

சம்பந்தம் பேச வந்தவர்களிடம் வீட்டுச் சண்டையை யாராவது சொல்வார்களா? கேற்றடியில் சிறில் வேறு நிற்கிறான். முறைப்பாடு சொல்லாத, மரியாதையான குடும்பம் என்று கனடா தெரிந்துகொள்ளட்டும். அவள் கமராவைப் பார்த்துச் சிரித்தும் வைத்தாள்.

அம்மையார் அனுபவசாலி. அழுகை கிடைக்காவிட்டால் சிரிப்பை வைத்துப் பிழைக்கத் தெரியும். 'போரின் நடுவே ஒரு புன்னகை' என்று இரண்டு நிமிடம் ஒளிபரப்பானது. நடுநிலையான செய்தி என்று மேலிடத்தில் பாராட்டினார்களாம்.

இரண்டு மாதம் கழித்து ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசி வந்தது.

"அம்மா, உங்களை ரீவியில பாத்தனான்."

"பாத்தனியே அப்பு! வடிவா இருந்ததே?"



"வடிவா இருந்தீங்கள் அம்மா. விசாரணையிலதான் போட்டுக் காட்டினவை. சொந்த ஊர் யாழ்ப்பாணம் போகேலாட்டிக் கொழும்பில அம்மாவோட இருக்கலாம்தானே எண்டு கேட்டவை. கேஸ் தோத்துப்போச்சு."

மகன் ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் மக்கீனைப் பிடித்தாள். கேற்றடியில் சிறில் நிற்பதும் அந்த வீடியோ நாடாவில் விழுந்திருக்கிறது. பொலிஸ்காரனுக்கு முன்னால் வைத்துத்தான் அவள் அப்படிச் சொன்னாள் என்று காட்ட, வெட்டாத நாடாவைக் கொடுத்தால் அப்பீலுக்கு உதவும் என்று மகனுடைய லோயர் சொன்னாராம். அம்மையார் அப்போது வேறொரு நாட்டில், வேறொரு எரிகிற வீட்டின் முன்னால் நின்றார். அங்கிருந்து மிகவும் அன்பான பதில் வந்தது. ஒளிபரப்பாத நாடாவை வெளியே கொடுப்பது ஊடக தர்மத்துக்கு ஒவ்வாதாம். தர்மம் என்று வந்தபின் யார் என்ன செய்வது? அப்பீலும் தோற்றது.

ஐந்து மாதத்தில் குகதாசனைத் திருப்பி அனுப்பினார்கள். கனடா திருப்பி அனுப்பிய அகதி என்றால் நல்ல செய்தியல்லவா? கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஐறீன் அம்மையாரே வந்துவிட்டார். விமானம் இறங்கி மூன்று மணித்தியாலமாகியும் மகன் வெளியே வரவில்லை. விசாரணைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று ஓர் அதிகாரி சிங்களத்தில் சொல்லிவிட்டு உள்ளே போனான். இரத்தினம்மாவின் வாயடியில் மைக் வந்தது.

"தம்பி மக்கீன், உம்மைக் கும்பிட்டன். இவவைக் கமராவைக் கொண்டு அங்கால போகச் சொல்லும். பிள்ளை உள்ளுக்கு நிக்கிறான். நான் ரீவிக்குக் கதைச்சதெண்டு தெரிஞ்சா இன்னும் அடிப்பாங்கள்."

மக்கீன் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தான். அவனுடைய குரல் உடைந்தது. ஐறீன் அம்மையாரின் கண்களும் கலங்கின. இத்தனை வருட உத்தியோகத்தில் இப்படியொரு பதில் அவருக்குக் கிடைத்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கிட்டப் போகும்படி கமராக்காரனுக்குக் கையைக் காட்டினார்.