எவ்வளவு குளிர்

என் புருசன் சந்தியோகு வெறுங்கையோடு வந்திருந்தால்கூட நான் அவ்வளவு கத்தியிருக்க மாட்டேன். கொழும்புக்குக் கொண்டுபோன, மீனுக்கு ஐஸ் அடைக்கும் றெஜிபோம் பெட்டியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து கொட்டில் வாசலில் வைத்தார். உள்ளே ஐஸ் பாதி கரைந்து கிடந்தது. அதற்குள் என் ரத்தம், மூடி கழற்றாத குழாயோடு.

"லாப்பில எடுக்க மாட்டினமாம். உறைஞ்சு பழுதாப்போச்சாம்."

"நேர்ஸ் ஐஸில வைக்கச் சொன்னவதானே. நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"ஐஸிலதான் வைச்சனான். வழியில குளிர் குறையக்கூடாதெண்டு கொஞ்சம் உப்புத் தூவினனான்."

மீனுக்குச் செய்வதை மனிசியின் ரத்தத்துக்கும் செய்திருக்கிறார். பாரை, சீலா என்று இத்தனை வருச மீன் தொழிலில் ஒன்றையும் பழுதாகவிடாத மனிதன். போகும்போது எட்டு மணித்தியாலமும் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லையாம், அதையும் சொன்னார். பெட்டியில் கிடந்த ஐஸ் தண்ணீரைத் தூக்கி அவர் தலையில் ஊற்ற வேண்டும் போல ஆத்திரம் வந்தது எனக்கு.

போன வருசம் என் சூலகத்தில் இருந்த கட்டியை வெட்டி எடுத்தார்கள். அன்றிலிருந்து ரத்தத்தில் ஒரு புரதத்தை அளந்து பார்க்கிறார்கள். மியூசின் என்று ஒரு வகையாம். உடம்பின் உட்பக்கத்தை வழுவழுப்பாக வைத்திருப்பதாம். எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும், கட்டி திரும்பினால் கூடும். முப்பத்தைந்துக்குக் கீழே நின்றால் பயமில்லை. எனக்கு முதலில் பன்னிரண்டு, பிறகு முப்பத்தொன்று. இந்த முறையும் ஏறியிருந்தால் உடனே மருந்து ஏற்ற வேண்டும் என்றார் பெரிய டொக்டர். அவர் மன்னாருக்கு வருவது மாதத்தில் ஒரு வியாழன். அளக்கும் மெஷினோ கொழும்பில். என் வயிறு திரும்பவும் ஊதத் தொடங்கியிருந்தது. அவ்வளவு நேரம் பஸ்ஸில் குந்தியிருக்க என்னால் ஏலாது.

வெளிநாட்டில் அந்தப் புரதத்தையே தேடிப் பிடித்துத் தாக்குகிற மருந்து செய்கிறார்கள் என்றும் டொக்டர் ஒருமுறை சொன்னார். எப்ப வரும் என்று கேட்டேன்.

"இன்னும் ஆராய்ச்சியில இருக்கம்மா."

கடற்படை ஊரைப் பிடிக்க முள்ளிக்குளத்தை விட்டு எழும்பி ஆறு வருசம். மீள்குடியேற்றம் என்று பெயர் சொல்லி ஊருக்குப் பக்கத்துக் காட்டில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். ஊருக்குள் எப்ப விடுவீர்கள் என்று அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிக் கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். அங்கே பரிசீலனை, இங்கே ஆராய்ச்சி. எனக்கு இரண்டும் அலுத்துவிட்டது.

மறுநாள் திங்கள். அந்த வாரம் வியாழன்தான் பெரிய டொக்டர் வருவார். அன்று ரத்தம் எடுத்து அனுப்பினால்தான் புதன் பின்னேரம் முடிவு வரும். தவறினால் அடுத்த மாதம்தான். விடிய முதல் பஸ்ஸில் மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

நேர்ஸ் இராசேஸ்வரி இடக்கையில் இரண்டு தரம் குத்தினாள். நரம்பு அகப்படவில்லை. வலக்கையில் றப்பரை இறுக்கிக் கட்டும்போது வாசலில் நின்ற இவர் வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, எவ்வளவு குளிர் இருக்கவேணுமெண்டு வடிவாச் சொல்லுங்கோ."

"ரெண்டுக்கும் எட்டுக்கும் இடையில, ஐயா. டிகிரி."

"அது எவ்வளவு?"

எனக்கு எரிச்சலும் வெட்கமுமாக இருந்தது.

"எனக்கு டிகிரி தெரியாது பிள்ளை," என்றார். "கையை வைச்சுப் பாத்துத்தான் ஐஸ் போடுறனான்."

இராசேஸ்வரி என் கையில் கட்டிய றப்பரை அவிழ்க்காமலே போய், மருந்து வைக்கும் பிரிட்ஜைத் திறந்து ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இவ்வளவுதான். இதுக்கு மேல குளிரக்கூடாது."

அவர் அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் கண்ணை மூடினார். நேர்ஸ் திரும்பி வந்து வலக்கையில் ஊசியை ஏற்றினாள். ஊசி உள்ளே போய்விட்டது, ரத்தம் இன்னும் வரவில்லை. வாசலில் அவர் கண் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.