பாலிஷ்காரரின் மூக்கு

பேத்தி பிறந்து ஒன்பது நாளாகியிருந்தது. எடை குறைவு, மூச்சும் கொஞ்சம் இழுப்பு என்று ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். மகளுக்குத் துணையாக மனைவியும் அங்கேயே தங்கிவிட்டாள். வீட்டில் தனியாக இருந்த பாலிஷ்காரர் சும்மா இருந்திருக்கலாம். அது அவர் ஜாதகத்திலேயே கிடையாது.

மகளின் அறையிலிருந்த மர அலமாரியில் ஊசித்துளைகள் வழியாக மாவு கொட்டுவதைப் பார்த்துவிட்டார். பேத்தியின் துணி வைக்கிற இடத்தில் பூச்சியா? துளைக்குத் துளை மருந்து ஏற்றினார், தட்டுகளில் பூசினார், அது காய்வதற்குள் மேலே வார்னிஷும் அடித்தார். ஈர வார்னிஷில் தூசி ஒட்டக் கூடாதே என்று ஜன்னல்களை இறுக்கிச் சாத்தினார். மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுவது முப்பது வருஷத் தொழில், கை தானாகச் சாத்திவிடும்.

மூன்றாம் நாள் மாற்றுத்துணி எடுக்க வந்த மனைவி அறையைத் திறந்த வேகத்தில் வெளியே ஓடி வந்தாள்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? கண்ணெல்லாம் எரியுது! இந்த நெடி உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

"புது வார்னிஷ்னா கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்," என்று மென்று முழுங்கினார்.

அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தின்னரோடும் வார்னிஷோடும் குடித்தனம் நடத்திய மூக்கு, இரண்டு வருஷத்துக்கு முன்பே அவரைக் கைகழுவிவிட்டது. யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. மூக்கில்லாத பாலிஷ்காரரா என்று நாலு பேர் சிரிப்பார்களே என்ற வெட்கம். மனைவி குழம்பைத் தீய விட்டபோதுகூட, "பிரமாதம்!" என்று சாப்பிட்டு எழுந்தார். வயசானதும் மனுஷனுக்கு நல்ல குணம் வந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள், பாவம்.

அன்று மாலையே மகளிடமிருந்து போன்.

"அப்பா, பூச்சி மருந்து வாடை இருக்கிற இடத்துக்குக் குழந்தையைக் கொண்டு போகவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வியாழக்கிழமை எங்களை அனுப்புறாங்க. அதுக்குள்ள வாடை போகலன்னா நான் அத்தை வீட்டுக்குப் போயிடறேன்."

அத்தை வீடு ஒரு நாள் பயணம். பேத்தியை அவர் இதுவரை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்திருக்கிறார்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக ஓடின. ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் பார்க்க வைத்தார். முகமூடி கட்டிக்கொண்டு, தட்டுகளைக் கழற்றி மாடிக்குத் தூக்கிப்போய் வார்னிஷைச் சுரண்டி எடுத்தார். வார்னிஷால் மரத்தின் மேல்தோலைப் பூட்டிவிட்டால் உள்ளே இருக்கிற மருந்து எப்படிக் காயும்? இதைக் கடைப் பையன்களுக்கு ஆயிரம் தடவை சொன்னவர், சொந்த வீட்டில் கோட்டை விட்டிருந்தார். வாடையை இழுக்கட்டும் என்று அலமாரிக்குள் கிண்ணம் கிண்ணமாக அடுப்புக்கரி வைத்தார். தரையைச் சோப்புத் தண்ணீர் விட்டு இரண்டு முறை துடைத்தார்.

எல்லாம் சரி, போயிற்றா இல்லையா என்று யாரைக் கேட்பது? தெருவில் துணி தேய்ப்பவரை அழைத்து வந்தார். "வாடையே சுத்தமா இல்லண்ணே," என்றார் அவர். எதிர்வீட்டு டீச்சர், "லேசா இருக்கிற மாதிரி இருக்கு," என்றாள். பாலிஷ்காரர் அலமாரிக்குள் தலையை விட்டு ஆழமாக இழுத்துப் பார்த்தார். வெறும் காற்று.

வியாழக்கிழமை காலை போன் அடித்தது.

"அப்பா, வண்டி நிக்குது. எங்க போகட்டும்? வாடை போயிடுச்சா? நீங்க சொன்னா சரி."

'போயிடுச்சும்மா' என்ற ஒரு வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் ஏறி இறங்கிய அந்தச் சின்ன நெஞ்சு ஞாபகம் வந்தது.

"எனக்குத் தெரியாதும்மா. எனக்கு வாசனையே தெரியறதில்ல. ரெண்டு வருஷமாச்சு. என்னை நம்பி வராத."

அந்தப் பக்கம் மனைவியின் குரல் தூரத்தில் கேட்டது: "என்னடி சொல்றாரு உங்கப்பா?"

அரை மணி நேரத்தில் வண்டி வாசலுக்கு வந்தது. குழந்தையோடு மனைவி வண்டியிலேயே இருக்க, மகள் மட்டும் இறங்கி அறைக்குள் போய் மூலை மூலையாக மோந்து பார்த்தாள்.

"ரூம்ல ஒண்ணும் இல்லப்பா. அலமாரிக்குள்ளதான் இன்னும் கொஞ்சம் இருக்கு."

துணி தேய்ப்பவரை மறுபடி கூப்பிட்டு, இருவருமாக அலமாரியை மாடிக் கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். கையைத் தேய்த்துக் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்தவரின் கையில் மகள் குழந்தையைக் கொடுத்தாள். உச்சந்தலையில் முகம் வைத்தார். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை ஆழமாக இழுத்துப் பார்த்தார்.

வந்ததிலிருந்து உம்மென்று இருந்த மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருஷமா எங்கிட்டயும் சொல்லல, இல்ல?" என்றவள், குனிந்து குழந்தையின் தலையை மோந்தாள். "உங்க பொண்ணு பொறந்தப்ப அவ தலையில என்ன வாசனையோ, அதே வாசனை."

அந்த வாசனை அவருக்குத் தெரியும்.