பின்வரிசையின் நாலு தட்டு

சனிக்கிழமை சாயங்காலம் அந்த மாடிப்படி முடியும்வரைதான் அவள் மருமகள். கிட்டார் வகுப்புக்குள் கால் வைத்துவிட்டால் டீச்சர். இந்த ஏற்பாட்டைச் செய்தது அவளில்லை, மாமியார். வீட்டில் "ஏம்மா, அடுப்பை அணைச்சியா இல்லையா?" என்று அதட்டிய அதே வாய், வகுப்பில் வந்து உட்கார்ந்ததும், "டீச்சர், என் கம்பி சுருதி இறங்கிடுச்சு, கொஞ்சம் பாக்கறீங்களா?" என்று கேட்கும். கிண்டலும் இல்லை, உதட்டோரத்தில் சிரிப்பும் இல்லை. முதல் வாரம் டீச்சருக்குத்தான் கூச்சத்தில் கை ஓடவில்லை.

அத்தை ஆயுசில் பாதியைப் பேருந்து நிலைய டிக்கெட் கவுண்டரில் கழித்தவர். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, "சில்லறை இருந்தா நில்லு, இல்லைன்னா நகரு" என்று ஊரையே மேய்த்த குரல் அது. ஓய்வு பெற்ற கையோடு, "நானும் உன் கிளாசுக்கு வரேன்" என்றார். "இந்த வயசுல கிட்டார் எதுக்கும்மா?" என்று மகன் சிரித்தான். "உனக்கு இந்த வயசுல தொப்பை எதுக்கு?" என்று கேட்டார். அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வகுப்பு என்றால் ஏதோ இசைப்பள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். வாரநாளெல்லாம் கணக்குப்பதிவு சொல்லிக்கொடுக்கும் பயிற்சி நிலையத்தின் மாடி அறை. வெள்ளைப் பலகையில் வரவும் செலவும் பாதி அழிந்து கிடக்கும், அதன் மேலேயேதான் எந்தக் கம்பியில் எந்த விரல் என்று அவள் கார்டு படம் போடவேண்டும். நாற்காலிகள் எல்லாம் எழுதும் பலகை பொருத்தியவை. மடியில் கிட்டாரை வைத்தால் பலகை இடிக்கும். ஆகவே எல்லோரும் பாதி நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்து, பேருந்தில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி வாசிப்பார்கள்.

ஆரம்பத்தில் புதியவர்களுக்கு ஒரு நேரம், ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு நேரம் என்று இருந்தது. நிலையத்து நிர்வாகி ஒருநாள் இரண்டையும் சேர்த்துவிட்டார். "எல்லாம் கிட்டார்தானே?" என்றார். தெரிந்தவர்கள் முன்வரிசை, புதியவர்கள் பின்வரிசை. முன்வரிசையில் பல் டாக்டர் ஒருவர் இருந்தார். சுத்தமான விரல், சுத்தமான சத்தம், சுத்தமான கர்வம். பின்வரிசையில் அத்தை, ஒரு லாரி டிரைவர், பிரசவ வார்டில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ்.

இந்த இரண்டு வரிசையையும் ஒன்றாக வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? முன்வரிசைக்குப் பாடம் எடுத்தால் பின்வரிசை கொட்டாவி விடுகிறது. பின்வரிசைக்கு விரல் பிடித்து வைத்தால் பல் டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார். யோசித்து யோசித்து அவளே ஒரு மெட்டுப் போட்டாள். ஏ, டி, மறுபடி ஏ, கடைசியில் ஈ என்று வரிசையாகக் கார்டுகள். ஒவ்வொரு கார்டுக்கும் நாலு தட்டு, பிறகு முதலிலிருந்து. ஏயும் டியும் மேலே ஓடும் மெட்டும் முன்வரிசைக்கு. ஈ மட்டும் பின்வரிசைக்கு. அந்த ஈயை வேறு யாரும் தொடக்கூடாது.

புதிதாகக் கற்பவருக்குக் கார்டு பிடிப்பதில் பாதிக் கஷ்டம்தான். ஒரு கார்டை விட்டு அடுத்ததற்குத் தாவுவதுதான் உயிர் போகும் வேலை. ஒரே ஒரு கார்டைக் கொடுத்துவிட்டால், மற்றவர்கள் மூன்றை வாசித்து வருவதற்குள் விரலை எடுத்து, உதறி, நிதானமாகத் திரும்ப வைத்துக்கொள்ளலாம். முதல் தடவை அந்த இடம் வந்தபோது மூன்று பேரும் ஒன்றாக அடித்தார்கள். ஆறு கம்பியும் அதிர்ந்து அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. "லோடு ஏத்தி மேட்டுல எடுத்த மாதிரி இருக்கு டீச்சர்!" என்றார் டிரைவர். நர்ஸ் இடது விரல்நுனிகளை ஊதிக்கொண்டே சிரித்தாள். அத்தையோ அன்று வீட்டில் சமைக்கும்போது கரண்டியால் மேடையில் நாலு நாலாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது நல்ல ஈ இல்லை. அத்தையின் ஆள்காட்டி விரல் மூன்றாம் கம்பியில் சரியாக அழுந்தாது, அந்தக் கம்பி மட்டும் 'டொக்' என்று செத்து விழும். டிரைவர் எப்போதும் அரைத்தட்டு பின்னால் வருவார். நர்ஸுக்கு முந்தின ராத்திரி வேலை என்றால் எங்கே வருவாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அது அவர்களுடைய ஈ. வாரத்துக்கு வாரம் நல்லதாகிக்கொண்டிருந்தது.

பயிற்சி நிலையத்தின் முதலாளி வருகிறார் என்று சேதி வந்தது. கீழே கூடத்தில் ஒரு நிகழ்ச்சி, புதிதாகச் சேர நினைப்பவர்களும் வருவார்கள். கிட்டார் வகுப்பைப் பார்த்துவிட்டு, அது தொடருமா, இல்லை அந்த அறையும் கணக்குப்பதிவுக்கே போகுமா என்று முதலாளி அன்றே முடிவு சொல்வார். தொடர்ந்தால் டீச்சருக்கு வேலை நிரந்தரம். நிர்வாகி ஒத்திகை பார்க்க வந்தார். கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே கேட்டவர், ஈ வந்ததும் பல்லில் கல் கடிபட்டவர் போல விழித்துக்கொண்டார்.

"எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருக்கு. அந்த இடம் வந்தா மட்டும் தகர டப்பாவை மாடிப்படியில உருட்டி விட்ட மாதிரி இருக்கே!"

"புதுசா கத்துக்கறவங்க சார். அப்படித்தான் இருக்கும்."

"இருக்கட்டும், வேணாம்னு நான் சொல்லலையே. மேடையில ஆள் நிறைய இருந்தாத்தான் பாக்க நல்லா இருக்கும். கம்பிக்கு அடியில எதையாவது சொருகி சத்தம் வராம பண்ணிடுங்க. அவங்க பாட்டுக்குக் கையை ஆட்டட்டும். அந்தக் கார்டையும் முன்னாடி இருக்கறவங்களே வாசிச்சுடட்டும். யாருக்குத் தெரியப் போகுது?"

"அவங்களுக்குத் தெரியும் சார்."

"உங்க வேலைக்காகத்தான்மா சொல்றேன்" என்றார் நிர்வாகி, கருணையோடு. அந்தக் கருணையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள்.

அடுத்த சனிக்கிழமை பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நீளநீளமாக வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். பாதி ராத்திரி புரண்டு படுத்து, ஒரே ஒரு நாள்தானே, அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டால் வருஷம் முழுக்க வகுப்பு நடக்குமே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்தி வைத்திருந்தாள். பின்வரிசைக்கு வந்து ஆளுக்கொன்று கொடுத்தாள். கம்பிகளைத் தாங்கும் கட்டைக்குப் பக்கத்தில், கம்பிக்கு அடியில் எப்படிச் சொருகுவது என்று காட்டினாள். எதற்கு என்றும் சொன்னாள்.

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். டிரைவர் ஸ்பாஞ்சை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "நான் வீட்டுல எல்லாரையும் வரச் சொல்லிட்டேனே டீச்சர்" என்றார். முன்வரிசையில் பல் டாக்டர் தொண்டையைக் கனைத்து, "பிராக்டிகலா பாத்தா அதுதான் சரி" என்று யாரும் கேட்காத அபிப்பிராயத்தைச் சொன்னார்.

அத்தை கிட்டாரைப் பக்கத்து நாற்காலியில் சாய்த்து வைத்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். நான் என்ன ஒப்புக்குச் சப்பாணியா?"

"அத்தை, அப்படி இல்ல..."

"இங்க அத்தை கிடையாது. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. இத்தனை மாசமா என் விரலைப் பிடிச்சு, இங்க அழுத்துங்க, அங்க அழுத்துங்கன்னு சொன்னது எதுக்கு? சத்தம் வரணும்னுதானே? இப்ப அது வரக்கூடாதுன்னா நீங்க இவ்வளவு நாளா எனக்கு என்ன சொல்லிக்கொடுத்தீங்க? கவுண்டர்ல உக்காந்து டிக்கெட்டே கொடுக்காம கையை மட்டும் நீட்டிக்கிட்டு இருந்தா என்னைச் சும்மா விட்டிருப்பாங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். டீச்சருக்கு முகம் எரிந்தது. அவமானம்தான். பதில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டாரே என்று கோபமும். மாமியாரிடம் வாங்கிக்கட்டிக்கொள்வது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் மாணவியிடம் வாங்கியது அதுதான் முதல் தடவை, அது நேராக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று ஸ்பாஞ்சையும் திரும்ப வாங்கிப் பையில் போட்டாள்.

கீழே போய் நிர்வாகியிடம், "பின்வரிசை கையை மட்டும் ஆட்ட மாட்டாங்களாம் சார்" என்றாள்.

"அப்ப மேடை வேணாம். எல்லாரோடயும் கீழ உக்காந்து பாக்கட்டும்."

"சரி சார்."

இவ்வளவு சுலபத்தில் அவள் சரி சொன்னதும் நிர்வாகிக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. சரி சொல்லும் ஆளைக் கண்டால் அவருக்கு எப்போதும் நிம்மதிதான்.

அவள் மாடியேறி வந்து முன்வரிசையிடம் சொன்னாள். "மேடையில நாம மட்டும்தான். ஏ வாசிங்க, டி வாசிங்க. ஈ வர்ற இடத்துல கையை எடுத்துடுங்க. நாலு தட்டு முடிஞ்சதும் மறுபடி ஏ."

"அப்ப பாட்டு நடுவுல ஓட்டையா இருக்குமே!" என்றார் பல் டாக்டர்.

"இருக்கும்."

"எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் டாக்டர். அது அவங்களோட இடம். நாம அடைக்கக் கூடாது."

டாக்டர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் பின்வரிசைப் பக்கம் திரும்பினாள். "நீங்க மூணு பேரும் கிட்டாரை எடுத்துட்டு வாங்க. உறையிலிருந்து எடுத்து மடியிலேயே வெச்சுக்குங்க. வேற ஒண்ணும் நான் சொல்லல."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் டீச்சர்" என்றார் அத்தை. "எங்க இடம் எங்களுக்குத் தெரியும்."

நிகழ்ச்சி அன்று கூடம் நிறைந்திருந்தது. முதலாளி முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் மூன்று கிட்டார்கள் தெரிந்தன. டிரைவருக்கு அடுத்து அவர் வீட்டு ஆட்கள்.

டீச்சர் காலால் தாளம் போட்டு ஆரம்பித்தாள். ஏ, டி, மறுபடி ஏ. ஈ வந்தது. அவள் கையை எடுத்தாள். முன்வரிசையும் எடுத்தது, பல் டாக்டரைத் தவிர. அவர் கண்ணை மூடிக்கொண்டு, நாலு தட்டையும் தனியாக, குறையே சொல்ல முடியாதபடி வாசித்தார். கூடத்தில் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நிர்வாகி சிரித்த முகமாக முதலாளியைப் பார்த்தார்.

இரண்டாவது சுற்று. ஏ, டி, மறுபடி ஏ. டாக்டர் கண்ணைத் திறந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கையைத் தூக்கியபடி அவரையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கை பாதி வழி இறங்கி அப்படியே நின்றது. அத்தனை சுத்தமான மனிதர், செய்வதறியாமல் திருதிருவென்று விழித்ததை அன்றுதான் பார்க்க முடிந்தது. பிறகு அவரும் கையை எடுத்துவிட்டார்.

கூடத்தில் சத்தமே இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. யாரோ இருமினார்கள். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து ஒருவர் கைதட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"என்னம்மா ஆச்சு? வாசிங்க! நீங்களாவது வாசிங்க!" என்று மேடை ஓரத்திலிருந்து நிர்வாகி பல்லிடுக்கில் கத்தினார். டீச்சர் உள்ளங்கையைத் தன் கம்பிகள் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். நாலாவது தட்டு கடந்ததும் மறுபடி ஏயைத் தொடங்கினாள்.

மூன்றாவது சுற்றில் ஈ வரும் இடத்துக்கு முன்பே கடைசி வரிசையில் அத்தை எழுந்து நின்றுவிட்டார். இந்தப் பக்கம் நர்ஸ், அந்தப் பக்கம் டிரைவர். ஒரு தட்டு காலியாகவே போயிற்று. இரண்டாவதில் அடித்தார்கள், மூன்று பேரும் மூன்று இடத்தில். மூன்றாம் கம்பி 'டொக்' என்றது. முதலாளி காலை இறக்கித் திரும்பிப் பார்த்தார். கூடத்தில் பாதிப்பேர் சிரித்துவிட்டார்கள்.

டீச்சர் சிரிப்பைக் கவனிக்கவில்லை. அவளுக்கு வேறு கவலை. ஏன் சேரவில்லை? வகுப்பில் இவ்வளவு மோசமாக ஒருநாளும் பிசகியதில்லையே? அப்போதுதான் உறைத்தது. அவர்கள் தாளம் பிடிப்பது அவள் காலைப் பார்த்து. இடையில் இத்தனை தலைகளை வைத்துக்கொண்டு எங்கேயிருந்து பார்ப்பார்கள்?

நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு மேடையின் விளிம்புக்கு வந்தாள். காலைத் தூக்கிப் பலகை அதிர மிதித்தாள். "ஏ! ரெண்டு! மூணு! நாலு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். வகுப்பில் கத்துவது போலவே, முதலாளி என்று ஒருவர் எதிரே இல்லாதது போலவே. முன்வரிசை அவளோடு வந்தது. பல் டாக்டர் எல்லோரையும்விட உரக்க அடித்தார்.

நிர்வாகி மேடையேறி அவள் எதிரே வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"எல்லாம் போச்சு. நாளையிலேர்ந்து நீங்க இங்க வர வேணாம்."

"சரி சார்" என்றாள் அவள், மிதிப்பதை நிறுத்தாமல். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பின்னாடி இருக்கறவங்களுக்கு என் காலை மறைக்கறீங்க."