மிச்சமிருக்கும் ஒரு குழாய்

கட்டினவன் பிளம்பராக வாய்த்தால் கர்ப்பப்பைக்குக்கூட மரியாதை மிஞ்சாது. இதைக் கல்யாணத்துக்கு முன்னால் அவளிடம் எந்தப் புண்ணியவானும் சொல்லவில்லை. போன வருடம் கரு, கர்ப்பப்பை வரைக்கும் போக மெனக்கெடாமல் வழியில் கருக்குழாயிலேயே தங்கிவிட்டது. குழாய் வெடித்து, அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வெடித்ததை வெட்டியெடுத்தார்கள், மிச்சம் இடப்பக்கத்துக் குழாய் ஒன்றுதான். மறுபடியும் அப்படித் தங்க நூற்றுக்குப் பத்து வாய்ப்பு உண்டு, நாள் தள்ளினால் சும்மா இருக்காதீர்கள், ஆறாவது வாரமே ஸ்கேன் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. எல்லாம் கேட்டுவிட்டுப் புருஷன், "மிச்ச லைன்ல பிரஷர் தாங்குமா?" என்றான். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தார்.

மாமியார் அவனுக்கும் மேலே. மருமகளுக்குக் குழாயில் கோளாறு என்று தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள். எதிர்வீட்டுத் தையல்காரி வந்து, ஊர்க் குழாயெல்லாம் சரி பண்ணுகிறவர் சொந்த வீட்டு அடைப்பைப் பார்க்க மாட்டாரா என்று அக்கறையாக விசாரித்தாள். பார்க்காமல் என்ன, ராப்பகலாக அதே வேலைதான் என்றாள் இவள். அன்றைக்குப் போன தையல்காரி ஒரு வாரம் தலைகாட்டவில்லை.

வேலை வீண்போகவில்லை. நாள் தள்ளியது, குச்சியில் இரண்டு கோடு விழுந்தது. ஸ்கேனுக்குக் கிளம்பிய காலையில் இடப்பக்கம் சுருக்கென்றது. புருஷனிடம் சொன்னாள். அவன் மறுபேச்சில்லாமல் வண்டியை எடுத்தான். வழியெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்பு: இந்தப் பிள்ளை எனக்கு வேண்டும். இதுவும் குழாயில் இருந்தால் அதையும் வெட்டிவிடுவார்கள், அதோடு கதை முடிந்தது.

ஸ்கேன் டாக்டர் பேச்சுக்குக் காசு கேட்பவர் போலிருந்தார். கருவியை வயிற்றில் அப்படி நகர்த்தினார், இப்படி நகர்த்தினார், திரையை முறைத்தார். அவள் மனசுக்குள் அவருடைய ஏழு தலைமுறையையும் திட்டினாள்.

"கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்கு. துடிப்பும் தெரியுது," என்றார் கடைசியில்.

அவளுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. தலைமாட்டில் நின்றவன் திரைப்பக்கம் குனிந்தான். "நழுவித் திரும்பவும் குழாய்க்குள்ள போயிடாதுல்ல சார்?"

போகாது, ஒட்டின இடத்தை விட்டு நகராது என்றார் டாக்டர். அவன் விடவில்லை. அவள் குனிந்து பாரம் தூக்கினால்? மாடி ஏறினால்? வண்டி குலுங்கினால்? சிரிக்கத் திரும்பியவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கேலியே இல்லை. கண் கலங்கியிருந்தது.

டாக்டர் வெளியே போனதும், வயிற்றில் இருந்த பசையைத் துடைத்துவிட்டபடி சொன்னான்: "போன தடவ உன்னை உள்ள கொண்டு போனப்போ, புள்ளையப் பத்தி எனக்கு நெனப்பே வரல. நீ வந்தாப் போதும்னு நின்னேன்."

"இப்ப?"

"இப்ப பேராசை. ரெண்டு பேரும் வேணும்."