கொக்கியோடு ஆறு மீட்டர்

"அளந்துட்டாங்கடா ஃபாஹிம்!" இத்தாலியத் தீவொன்றின் துறைமுகத்திலிருந்து போனில் கத்தினார் அண்ணன் ரிஷாத் காக்கா. "வேன் ஆறு மீட்டராம். நாம அஞ்சரைக்குத்தானே டிக்கட் எடுத்தோம்!"

இலங்கையின் பள்ளிவாசல்துறையில், வீட்டு முற்றத்தில் நின்ற ஃபாஹிம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். நீளம் கூடினால் டிக்கட் ஏஜென்ட் கொள்ளையடிப்பான், அஞ்சரை என்றே போடுங்கள் என்று யோசனை சொன்னவனே அவன்தான். வள்ளத்தை அளக்கும்போது பின்னால் தொங்கும் எஞ்சினை யார் சேர்க்கிறார்கள்? வேனின் பின்னால் நீட்டியிருந்த இழுவைக் கொக்கியையும் அப்படியே கணக்கில் சேர்க்காமல் விடச் சொல்லிவிட்டான்.

"மிச்சத்தக் கட்டிட்டு ஏறுங்க காக்கா!"

"கட்டுறேன்டுதான் கெஞ்சினேன். நீள வாகனத்துக்கு இடம் முடிஞ்சாம். அடுத்த கப்பல் மூணு நாளைக்குப் பொறகுதான்."

"வேன வுட்டுட்டு வாங்களேன்!"

"விசர்க் கதை கதைக்காத. அக்கரையில வேன ஒப்படைச்சாத்தானே முதலாளி பாஸ்போட்டத் தருவான்? அது இல்லாம எப்புடி ஊருக்குப் பிளேன் ஏறுறது?"

கப்பல் சங்கு ஊதியது. காக்கா விம்மியபடி போனை வைத்தார்.

உள்ளே வாப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் தாண்டாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். இறந்தபின் தன் ஜனாஸாத் தொழுகையை மூத்த மகனே நடத்த வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

"மூத்தவன் ஏறிட்டானா?" என்றார் வாப்பா.

"கப்பல் வெளிக்கிட்டுட்டுது வாப்பா."

வாப்பா நிம்மதியாகக் கண்களை மூடிக்கொண்டார்.

ஃபாஹிம் முற்றத்துக்கு வந்தான். சரியாகப் பாடமில்லாத ஜனாஸா துஆவை ஓதிப் பார்க்கத் தொடங்கினான்.