நாவடக்கம்

பஷீருதீன் புரூஃப் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்தார். கண்ணால் மட்டும் பார்த்தால் பிழை தப்பிவிடும், காதும் கூட இருந்து கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். "கோபம் வருகையில் கையைக் கட்டிக்கொள்பவன் பாதி மனிதன். நாவையும் கட்டிக்கொள்பவனே முழு மனிதன்." படித்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே பாயில் உட்கார்ந்து, அச்சான தாள்களை மடித்துக்கொண்டிருந்த தங்கை ஹபீபா சிரித்தாள். சந்தோஷத்தில் வந்த சிரிப்பாக அது தெரியவில்லை.

"இன்னா சிரிக்கிற? உன் வூட்டுக்காரர் எழுதனதுதான்."

"அதான் சிரிக்கிறேன்" என்றாள்.

செங்கற்பட்டு பஜாரில் வீட்டின் முன்பக்கத்தையே அச்சகமாக்கி, கல்யாணப் பத்திரிகையும் கடை பில்லும் அடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர் பஷீருதீன். ஒரு மாதப் பத்திரிகை கொண்டுவர வேண்டும் என்ற ஆசை அவருக்குள் வெகுநாளாகப் புழுங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பயான் உரை கேட்டுக் கண் கலங்கும் ஆண்கள், வாசலில் செருப்பை மாட்டும்போதே எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள். டீக்கடையில் தினசரித் தாளைக் கடைசி வரி வரைக்கும் மேய்கிறவர்கள், அல்லாஹ்வுக்குப் பயந்து எப்படி வியாபாரம் செய்வது, வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு வரி படிப்பதில்லை. அவர்கள் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போகிற மாதிரி ஒன்று வேண்டும். 'நற்றுணை: முஸ்லிம் ஆண்களுக்கான மாத இதழ்' என்று மேலட்டைக்கு எழுத்துக் கோத்து முடித்த அன்று, பக்கத்துக் கடை எல்லப்பனைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினார். நோன்பின் முதல் ஜும்ஆ வெள்ளியன்று முதல் இதழை ஜனங்கள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

முதல் கட்டுரையை யார் எழுதுவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சதுரங்கப்பட்டினத்தில் விறகுத் தொட்டி வைத்திருந்த மச்சான் காஜா மொய்தீன்தான். செய்யூர்ப் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளைக் குத்தகை பேசி வண்டி வண்டியாக ஏற்றி வருகிற மனிதர். வண்டிக்காரர்களிடம்கூடக் குரலை உயர்த்த மாட்டார். நிக்காஹ் வீடுகளில் அவரைப் பேசச் சொல்லிக் கேட்பதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது.

"அவரு எங்கிட்ட பேசி ரெண்டு மாசம் ஆவுது" என்றாள் ஹபீபா.

பஷீருதீன் தாளைக் கீழே வைத்தார். நோன்புக்கு முன்னால் நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் மகள் ஷஹர்பானுவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். நாலு நாள் பத்து நாளானபோதே தன் மனைவி சைதூன் ஒரு மாதிரியாகப் பார்த்ததும், தான் அதைக் கண்டுகொள்ளாததும் இப்போது நினைவுக்கு வந்தன.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. எட்டாம் வகுப்பு முடித்த பானு மேலே படிக்கவேண்டும் என்றாள். வாப்பா வேண்டாம் என்றார். அவர் செய்யூர் போயிருந்த சமயம் பார்த்து, ஹபீபா அவளைத் திருக்கழுக்குன்றம் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்துவிட்டாள். திரும்பி வந்தவர் சத்தம் போடவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார். அன்றிலிருந்து "உங்கம்மாவ சோறு வைக்கச் சொல்லு", "உங்கம்மா கிட்ட சாவிய வாங்கிக்கினு வா" என்று எல்லாம் மகள் வழியாகத்தான். பானு வீட்டில் இல்லாத நேரத்தில் பசித்தாலும் கேட்காமல் எழுந்து போய்விடுவார்.

"திட்டியிருந்தா பதிலுக்கு நானும் நாலு வார்த்த சொல்லியிருப்பேண்ணே. சுவத்துகிட்ட இன்னா சொல்றது?"

மறுநாள் காலை பஸ்ஸிலேயே பஷீருதீன் சதுரங்கப்பட்டினத்துக்குப் போய் இறங்கினார். கோட்டை மதிலைத் தாண்டிக் கடற்காற்று விறகுத் தொட்டிக்குள் மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. நோன்பு தொடங்க இன்னும் சில நாள் இருந்தது; காஜா மொய்தீன் டீ வரவழைத்தார். ஹபீபாவோடு ஏன் பேசுவதில்லை என்று கேட்டதும் அவர் முகம் கறுத்தது.

"நா கை ஓங்கல மச்சான். ஒரு கெட்ட வார்த்த பேசல. வேணும்னா உன் தங்கச்சியையே கேளு."

"கேட்டுட்டுத்தான் வரேன். அதையேதான் அவளும் சொல்றா."

காஜா மொய்தீன் எழுந்து போய்த் தராசுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். டீ ஆடை கட்டிப்போயிற்று. அந்தக் கட்டுரையை நிறுத்தி வைக்கச் சொன்னார். வேறு எழுதித் தருவதாகவும் சொன்னார்.

அந்தப் புதிய கட்டுரை பஸ் கண்டக்டர் மோசஸ் கையில் வந்து சேர்ந்தது. "என் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். நான் அவளை அடித்ததில்லை. அவள் அங்கே இல்லாததுபோல் நடந்துகொண்டேன். என் மௌனத்தை ஊரார் பொறுமை என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்." பஷீருதீன் அதை இரண்டு தடவை படித்தார். இதற்காகத்தான் இந்தப் பத்திரிகை என்று தோன்றியது. இதைப் படித்தால் எத்தனை ஆண்கள் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் தயங்கி நிற்பார்கள்! கையோடு எழுத்துக் கோத்து, புரூஃப் எடுத்து, மை ஈரம் காயும் முன்பே ஹபீபாவிடம் கொண்டுபோய் வாசித்தும் காட்டினார்.

அவள் தலைகுனிந்து கேட்டாள். முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இது வேணாம்ணே."

"இன்னா வேணாம்? ஒரு ஆம்பள இவ்ளோ எறங்கி வந்து எழுதிக்கிறாரு. இன்னும் இன்னாதான் வேணும் உனக்கு?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"எறங்கி வந்துக்கிறாரு, செரி. எங்கிட்டயா வந்தாரு? ஊருக்கு நாலு பக்கம் சொல்ல முடியுது. எங்கிட்ட ஒரு வார்த்த வரல. இதப் படிச்சுட்டு எல்லாரும் அவர இன்னும் பெரிய மனுஷன்னு சொல்லுவாங்க. நா அதுல யாரு? பேர்கூட இல்லாத ஒரு பொம்பள."

மடித்த தாள்களை ஓரம் தட்டிச் சமமாக்கி அடுக்கினாள். சமையலறை வாசலில் சைதூன் நின்றிருந்தாள். இந்த வீட்டின் பாதியைக் காகிதம் அடைத்துக்கொண்ட பிறகும், பத்திரிகையைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று தான் கேட்டதே இல்லை என்பது பஷீருதீனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளை நேராகப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

கட்டுரை இல்லாமல் இதழ் இல்லை. ஜும்ஆவுக்கு இன்னும் இரண்டு நாள்தான். அச்சுக்கல்லின் மேல் எழுத்துக் கோத்து வைத்த நாலு பக்கம் அப்படியே கிடந்தது. பிரிக்கவும் மனம் வரவில்லை, அடிக்கவும் கை வரவில்லை. கடைசியில், புரூஃபை நீங்களே வந்து திருத்த வேண்டும் என்று மோசஸிடம் சொல்லி அனுப்பினார்.

காஜா மொய்தீன் அன்று பிற்பகல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். சட்டையில் சவுக்குச் சிராய் ஒட்டிக்கொண்டிருந்தது. பஷீருதீன் கால்மிதி அச்சு இயந்திரத்தில் உள்பக்கங்களை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கடகடப்பில் வந்தவர் சலாம் சொன்னதுகூடச் சரியாகக் கேட்கவில்லை. புரூஃபை எடுத்து நீட்டினார். காஜா மொய்தீன் நின்றபடியே முழுதும் படித்தார்.

"தப்பு ஒண்ணும் இல்லியே மச்சான்?"

"எழுத்துல இல்ல" என்றார் பஷீருதீன்.

காஜா மொய்தீனுக்குப் புரிந்துவிட்டது. பார்வை மெல்ல வீட்டுக்குள் போயிற்று. பாயில் ஹபீபா தாள் மடித்துக்கொண்டிருந்தாள். வந்தவரை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் கை ஓடிய வேகம் குறைந்திருந்தது.

"பானு எங்க?" என்று கேட்டார்.

"மாமி கூட கடைக்குப் போயிக்கிறா" என்றார் பஷீருதீன். மிதிப்பதை அவர் விடவில்லை.

காஜா மொய்தீன் தெருவை ஒருமுறை பார்த்தார். புரூஃபை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பாயின் ஓரத்தில், அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். உதடுகள் அசைந்தன. என்ன சொன்னார் என்பது இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. ஹபீபாவுக்கும் கேட்டிருக்காது. அவள் மடித்த தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு முதல்முறையாக நிமிர்ந்தாள்.

பஷீருதீன் மிதியிலிருந்து காலை எடுத்தார். பெரிய சக்கரம் தன் பாட்டுக்கு இன்னும் சில சுற்று சுற்றியது. பிறகு மெல்லத் தளர்ந்து, ஒரு தடவை பின்னால் ஆடி நின்றது.